கல்லூரி டிரைவ் நிரம்பினால் யாருடைய ஃபைல் போகும்? கிளவுட் சேமிப்பு வரம்பும் ஊழியர்கள் செய்ய வேண்டியதும்

"வரும் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் டிரைவை 20 ஜிபிக்குள் குறைத்துக்கொள்ளவும். தவறினால் கணக்கு முடக்கப்படும்."

இந்த மாதிரி ஒரு சுற்றறிக்கை உங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறதா? வரவில்லை என்றால், இனி வரலாம். உதவிப் பேராசிரியர், ஆய்வக உதவியாளர், நூலகர், அலுவலகக் கண்காணிப்பாளர், கௌரவ விரிவுரையாளர் என்று கல்லூரி மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

சுற்றறிக்கை வந்த அன்று மாலையே டிபார்ட்மெண்டில் இரண்டு வகைப் பேச்சு கேட்கும். "நான் ஒண்ணுமே போட்டு வைக்கலையே, எனக்கு ஏன் அப்லோட் ஆகல?" என்பார் ஒருவர். "எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டெலீட் அடிச்சிட்டேன், பிரச்சினை முடிஞ்சது" என்பார் இன்னொருவர். இவர்களில் இரண்டாமவரைப் பற்றித்தான் கல்லூரி அதிகம் கவலைப்பட வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

என்னதான் மாறியது?

பத்தாண்டுக்கு முன்பு கல்வி நிறுவனங்களைத் தங்கள் பக்கம் இழுக்கப் பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டன. கூகுள், தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்கு எல்லையற்ற சேமிப்பிடத்தை இலவசமாகவே கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் தன் ஒன்டிரைவில் ஆளுக்கு 1 டிபி வரை கொடுத்தது. கல்லூரிகளும் சொந்த சர்வர் வாங்கும் செலவு மிச்சம் என்று அங்கே குடியேறின.

2021 பிப்ரவரியில் கூகுள் தன் கல்விச் சேவைக்குப் 'கூகுள் ஒர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷன்' என்று பெயர் மாற்றியது. கூடவே, எல்லையற்ற சேமிப்பு முடிவுக்கு வருகிறது என்றும் அறிவித்தது. ஒரு கல்வி நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டிபி, அதை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது புதிய விதி. ஏற்கெனவே சேவையில் இருந்த நிறுவனங்களுக்கு இது 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

மைக்ரோசாஃப்டும் அதே வழியில் வந்தது. 2023இல் அறிவித்து, 2024 முதல் கல்வி நிறுவனங்களுக்கு 100 டிபி பொதுச் சேமிப்பு என்ற முறையைக் கொண்டுவந்தது. இலவசத் திட்டத்தில் இருப்பவர்களின் ஒன்டிரைவுக்கு ஆளுக்கு 100 ஜிபி என்ற உச்சவரம்பும் வந்தது. கட்டணத் திட்டம் வாங்கினால் இரண்டு நிறுவனங்களிலும் கூடுதல் இடம் உண்டு.

காரணம் சிக்கலானது அல்ல. 'கிளவுட்' என்று நாம் சொல்வது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு தரவு மையத்தில், மின்சாரமும் குளிரூட்டலும் தின்றுகொண்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்குகள்தான் அது. யாரும் திறந்து பார்க்காத பழைய வீடியோவுக்கும் யாரோ ஒருவர் வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வாடகையில் ஒரு பகுதியை நிறுவனங்கள் இப்போது நம் பக்கம் திருப்பிவிட்டன.

100 டிபி குறைவா?

குறைவு இல்லை. 100 டிபியில் 10 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்களை வைக்கலாம், அல்லது 4 லட்சம் மணி நேர வீடியோவை வைக்கலாம் என்று கூகுளே கணக்குச் சொன்னது. அப்படியானால் எப்படி நிரம்புகிறது?

கூகுளின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதன்படி ஒரு மணி நேர வீடியோவுக்குச் சுமார் 250 எம்பி. கொரோனா காலத்தில் ஓர் ஆசிரியர் நாளுக்கு 4 மணி நேரம், 200 நாள் ஆன்லைன் வகுப்பு எடுத்து எல்லாவற்றையும் ரெக்கார்ட் செய்திருந்தால் அது 800 மணி நேரம். இடம் 200 ஜிபி. இப்படி 150 ஆசிரியர்கள் என்றால் 30 டிபி. மொத்த இடத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, ஒரே கல்வியாண்டில் காலி. எல்லோரும் எல்லா வகுப்பையும் ரெக்கார்ட் செய்யவில்லை, பாதிதான் என்று வைத்தாலும் 15 டிபி.

அந்த வீடியோக்களைப் பார்க்க வேண்டிய மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். வீடியோ மட்டும் அங்கேயே இருக்கிறது.

அடுத்து, தலைக்கணக்கு. 3,000 மாணவர்களும் 200 ஊழியர்களும் உள்ள கல்லூரி என்றால், 100 டிபியைப் பங்கு போட்டால் ஆளுக்குச் சுமார் 31 ஜிபி வரும். தாராளம்தான். ஆனால் ஆண்டுக்கு 1,000 பேர் படித்து முடித்து வெளியேறும்போது அவர்கள் கணக்கை யாரும் மூடவில்லை என்று வையுங்கள். ஐந்தே ஆண்டில் கணக்குகளின் எண்ணிக்கை 8,200. ஆளுக்கு 12 ஜிபிதான். 50,000 கணக்குகள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆளுக்கு 2 ஜிபி. நம் தனிப்பட்ட ஜிமெயில் கணக்குக்கே 15 ஜிபி இலவசம் என்பதை நினைத்துப் பார்த்தால் நிலைமை புரியும்.

"நான் ஒண்ணுமே வைக்கலையே?"

இப்போது முதலாமவரின் கேள்விக்கு வருவோம்.

பழைய முறை, ஆளுக்கொரு அலமாரி மாதிரி. புதிய முறை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்த் தொட்டி மாதிரி. மேல்மாடியில் ஒருவர் குழாயைத் திறந்துவிட்டுப் போனால், கீழ்வீட்டில் சிக்கனமாக இருப்பவருக்கும் தண்ணீர் வராது. நிறுவனத்தின் மொத்த வரம்பு தாண்டினால் புதிய ஃபைல் ஏற்ற முடியாது, புதிய ஆவணம் உருவாக்க முடியாது. உங்கள் பங்கு வெறும் 3 ஜிபியாக இருந்தாலும் இதுதான் நிலை.

இதைத் தடுக்க, நிர்வாகி (அட்மின்) ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி வரம்பு வைக்கலாம். மாணவர்களுக்கு இவ்வளவு, ஆசிரியர்களுக்கு இவ்வளவு, ஆய்வாளர்களுக்கு இவ்வளவு என்று. சுற்றறிக்கையில் வரும் '20 ஜிபி' போன்ற எண்கள் பெரும்பாலும் இப்படிக் கல்லூரி வைத்தவைதான். அது கூகுளின் விதி என்று நினைத்து வாதாடாமல் விட வேண்டியதில்லை. உங்கள் துறைக்கு நியாயமான தேவை இருந்தால் அதிகம் கேட்கலாம். காட்சித் தொடர்பியல் துறையின் வீடியோ பிராஜெக்ட்டுக்கும் வணிகவியல் துறையின் எக்செல் ஷீட்டுக்கும் ஒரே வரம்பு வைப்பது நியாயமல்ல.

ஃபைல் யார் பெயரில் இருக்கிறது?

இடத்தைவிடப் பெரிய கேள்வி இது. பலரும் கவனிக்காததும் இதுதான்.

கூகுள் டிரைவில் ஒரு ஃபைல் யார் உருவாக்கினாரோ, யார் ஏற்றினாரோ அவர் பெயரில் இருக்கும். இடமும் அவர் கணக்கில்தான் கழியும். 'என்னுடன் பகிரப்பட்டவை' பகுதியில் நீங்கள் பார்ப்பவை உங்களுடையவை அல்ல. அவற்றை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கினால் உங்களுக்கு ஒரு எம்பி கூட மிச்சமாகாது. ஆனால் உரிமையாளர் தன் ஃபைலை அழித்தால், அதைப் பயன்படுத்திய அத்தனை பேருக்கும் அது போய்விடும்.

இதைக் கல்லூரிச் சூழலில் வைத்துப் பாருங்கள். துறையின் வருகைப் பதிவேடு ஷீட் யார் பெயரில் இருக்கிறது? பாடக்குழுக் கூட்டக் குறிப்புகள்? மாணவர் கருத்துக் கேட்புப் படிவங்கள்? தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவுக்காக ('நாக்') ஐந்தாண்டாகச் சேர்த்த சான்றுகள், ஜியோடேக் போட்ட நிகழ்ச்சிப் புகைப்படங்கள், ஒப்பந்த நகல்கள்? பல இடங்களில் இதற்குப் பதில் ஒன்றுதான்: "அப்போ கோ-ஆர்டினேட்டரா இருந்த மேடம் பேர்ல இருக்கு."

அந்த மேடம் வேறு கல்லூரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடம் மிச்சம் பிடிக்கக் கல்லூரி அவர் கணக்கை நீக்குகிறது. கூகுள் ஒர்க்ஸ்பேஸில் நீக்கிய கணக்கை 20 நாளுக்குள் மீட்கலாம். நீக்கும்போதே ஃபைல்களின் உரிமையை வேறொருவருக்கு மாற்றும் வசதியும் உண்டு. இரண்டையும் செய்யாமல் விட்டால், கல்லூரி இணையதளத்தில் சான்றாகக் கொடுத்த டிரைவ் இணைப்புகள் எல்லாம் செத்த இணைப்புகள் ஆகிவிடும். குழு வந்து கிளிக் செய்து பார்க்கும் நாளில்தான் பலருக்கு இது தெரியவரும்.

மறுபக்கம், வெளியேறும் ஊழியரின் நிலையைப் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு நியமனம் எதிர்பார்த்து வேலை செய்யும் கௌரவ விரிவுரையாளருக்கும், சுயநிதிக் கல்லூரியில் திடீரென்று வேலையை விட நேரும் இளம் ஆசிரியருக்கும் கணக்கு மூடப்படுவது என்றால் பாடக் குறிப்பு, வினாத்தாள், சம்பளச் சீட்டு வந்த மின்னஞ்சல், கருத்தரங்கச் சான்றிதழ் எல்லாம் ஒரே நாளில் கைநழுவுவது. கூகுள் ஸ்காலர், ஆர்கிட் போன்ற ஆய்வாளர் பக்கங்களைக் கல்லூரி மின்னஞ்சலில் மட்டும் பதிந்திருந்தால் அவற்றுக்குள் நுழையும் சாவியும் போய்விடும். கடவுச்சொல் மறந்தால் மீட்பு மின்னஞ்சல் வருவது மூடப்பட்ட முகவரிக்குத்தான்.

எனவே சேமிப்பு வரம்பை ஜிபி பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. கல்லூரியின் ஆவணம் எது, தனிநபரின் உழைப்பு எது, வெறும் குப்பை எது என்று இத்தனை காலம் பிரிக்காமல் விட்டதன் பிரச்சினை இது. எல்லையற்ற இடம் இருந்தவரை அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடிந்தது. இப்போது முடியாது.

அவசர டெலீட் ஏன் ஆபத்து?

ஒரே வாரம் கெடு கொடுத்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? அளவில் பெரியதைத் தேடி அழிப்பார்கள். பெரியது எல்லாம் குப்பை அல்ல, சிறியது எல்லாம் முக்கியம் அல்ல. முனைவர் பட்ட மாணவரின் ஆய்வுக்கூடத் தரவு பல ஜிபி இருக்கலாம். அதை மறுபடி உருவாக்க இரண்டு ஆண்டு ஆகலாம்.

அழிப்பதில் ஏற்படும் ஒரு தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் உதாரணம். 2021 டிசம்பரில் அதன் சூப்பர் கம்ப்யூட்டர் சேமிப்பிலிருந்து சுமார் 77 டிபி ஆய்வுத் தரவு அழிந்துபோனது. பழைய பதிவுக் கோப்புகளை நீக்க எழுதப்பட்ட நிரலில் செய்த ஒரு மாற்றம் தவறிப்போனதே காரணம். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் சிலவற்றின் தரவை மீட்கவே முடியவில்லை. அங்கே நடந்ததும் ஒரு 'சுத்தம் செய்யும்' வேலைதான் என்பது கவனிக்க வேண்டியது.

கூகுள் டிரைவில் குப்பைத்தொட்டிக்குப் போன ஃபைல் 30 நாளில் தானாக அழியும். அதுவரை அது இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் பிறகும் ஒர்க்ஸ்பேஸ் அட்மினால் 25 நாள் வரை மீட்க முடியும். அதைத் தாண்டினால் வழியில்லை. ஆகவே தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால் "பார்த்துக்கலாம்" என்று விடாமல் அன்றே அட்மினிடம் சொல்லுங்கள்.

ஊழியர்கள் என்ன செய்யலாம்?

ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆனால் வரிசை முக்கியம். அழிப்பது கடைசியில்தான்.

1. முதலில் அளவு வாரியாகப் பாருங்கள். கணினியில் டிரைவைத் திறந்து இடப்பக்கம் உள்ள 'ஸ்டோரேஜ்' பகுதியை அழுத்தினால், பெரிய ஃபைல் மேலே வரும்படி பட்டியல் கிடைக்கும். பெரும்பாலும் முதல் 30 ஃபைல்களிலேயே பாதி இடம் இருக்கும்.

2. கல்லூரிக்குச் சொந்தமானதைப் பிரித்தெடுங்கள். வருகைப் பதிவு, மதிப்பெண், கூட்டக் குறிப்பு, நாக் சான்று போன்றவை 'ஷேர்டு டிரைவ்' பகுதிக்குப் போக வேண்டும். ஷேர்டு டிரைவில் உள்ள ஃபைலுக்கு உரிமையாளர் தனிநபர் அல்ல, நிறுவனம். நீங்கள் மாறிப்போனாலும் ஃபைல் அங்கேயே இருக்கும். நகல் எடுக்காமல் ஃபைலையே அங்கே நகர்த்தினால் பழைய இணைப்பும் மாறாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: இது உங்கள் கணக்கின் சுமையைக் குறைக்கும், கல்லூரியின் மொத்தச் சுமையைக் குறைக்காது. ஷேர்டு டிரைவும் அதே 100 டிபிக்குள்தான்.

3. வகுப்பு வீடியோக்களுக்கு ஒரு கேள்வி. இந்தப் பாடத்திட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறதா? இருந்தால், நல்ல பத்து வீடியோவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மீட் ரெக்கார்டிங் எல்லாம் கூட்டத்தை ஏற்பாடு செய்தவரின் டிரைவில் தனி ஃபோல்டரில் இருக்கும். முதல் ஐந்து நிமிடம் "ஆடியோ கேக்குதா?" என்று கேட்கும் 45 நிமிட வீடியோக்கள் நூறு இருந்தால், அவற்றை வழியனுப்பலாம். மாணவர்களின் முகமும் குரலும் அதில் இருக்கின்றன என்பதும் ஒரு காரணம்.

4. மின்னஞ்சலை மறக்காதீர்கள். ஜிமெயிலும் அதே கணக்கில்தான் கழிகிறது. தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள வடிகட்டிச் சின்னத்தை அழுத்தி, 10 எம்பிக்கு மேல், இணைப்பு உள்ளவை என்று தேடுங்கள். ஒரே பிரசுரத்தை எல்லோருக்கும் இணைப்பாக அனுப்பியிருந்தால் அது அத்தனை பேர் பெட்டியிலும் தனித்தனியாக இடம் பிடித்திருக்கும். இனி இணைப்புக்குப் பதில் டிரைவ் லிங்க் அனுப்பினால் ஒரே பிரதி போதும்.

5. செல்போனைப் பாருங்கள். கல்லூரிக் கணக்கை போனில் சேர்த்தபோது, கேமரா படங்களின் பேக்கப் அந்தக் கணக்குக்குப் போகும்படி அமைந்திருக்கலாம். அப்படியானால் குடும்பத் திருமணப் படங்கள் கல்லூரி இடத்தைத் தின்றுகொண்டிருக்கும். அதைவிட முக்கியம், வேலையை விட்டால் அந்தப் படங்களும் போய்விடும். பேக்கப்பை உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்.

6. உங்களுடையதை வெளியே எடுங்கள். பாடக் குறிப்பு, சான்றிதழ், சம்பளச் சீட்டு, உங்கள் ஆய்வுக் கட்டுரை வரைவுகள் போன்றவற்றை 'கூகுள் டேக்அவுட்' மூலம் இறக்கி ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். மாணவர் மதிப்பெண், ஆதார் நகல், தொலைபேசி எண் உள்ள பட்டியல்கள் உங்களுடையவை அல்ல. அவற்றைச் சொந்தக் கணக்குக்குக் கொண்டுபோகக் கூடாது.

7. ஆய்வாளர் பக்கங்களில் இரண்டாவது மின்னஞ்சல் சேருங்கள். ஐந்து நிமிட வேலை. ஆண்டுகள் கழித்து உதவும்.

8. இதற்கெல்லாம் பிறகுதான் டெலீட். குப்பைத்தொட்டியைக் காலி செய்வதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். யாராவது "அந்த ஷீட் ஓப்பன் ஆகலையே" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம்.

கல்லூரி என்ன செய்ய வேண்டும்?

பாரம் முழுவதையும் ஊழியர் தலையில் வைப்பது எளிது. ஆனால் மிகப் பெரிய சேமிப்பு ஊழியர் கையில் இல்லை. படித்து முடித்தவர்களின் கணக்குகளை முறைப்படி மூடும் அதிகாரம் நிர்வாகத்திடம்தான் இருக்கிறது. அதற்கு முதல் தேவை, திடீர் முடக்கம் அல்ல, முன்னறிவிப்பு. மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் மாணவரிடம் "இத்தனை மாதத்தில் கணக்கு மூடப்படும், உங்கள் ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் போதும்.

ஊழியர்களுக்கும் அப்படியே. வேலையை விடுபவரிடம் நூலகப் புத்தகம், ஆய்வகச் சாவி, அடையாள அட்டை எல்லாம் திரும்ப வாங்கி 'நிலுவை இல்லை' என்று கையெழுத்துப் போடும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் படிவத்தில் 'டிஜிட்டல் ஆவணங்கள் ஒப்படைக்கப்பட்டன' என்று ஒரு வரி சேர்க்கலாம். அதே படிவத்தில், அவருக்குத் தன் ஃபைல்களை எடுத்துக்கொள்ள 60 நாளோ 90 நாளோ அவகாசம் உண்டு என்றும் எழுதலாம். ஒப்படைப்பு என்பது இரண்டு பக்கமும் நடக்க வேண்டியது.

மூன்றாவது, பொறுப்பு சார்ந்த கணக்குகள். துறைத் தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், தர உறுதிப் பிரிவு ஒருங்கிணைப்பாளர் ஆகிய பதவிகளுக்கென்று தனி ஷேர்டு டிரைவ் இருந்தால், ஆள் மாறும்போது அணுகும் உரிமையை மாற்றினால் போதும். ஆவணம் இடம் மாறாது.

நான்காவது, எதை எவ்வளவு காலம் வைப்பது என்ற அட்டவணை. காகிதக் கோப்புகளுக்கு அரசு அலுவலகங்களில் இந்த வழக்கம் எப்போதோ வந்துவிட்டது. எந்தக் கோப்பு எத்தனை ஆண்டு, எது நிரந்தரம் என்று கணக்கு உண்டு. டிஜிட்டல் கோப்புக்கு மட்டும் அது வேண்டாமா? நிகழ்ச்சிப் புகைப்படம் 200 எடுத்தாலும் அறிக்கைக்கு ஐந்து போதும். கறுப்பு வெள்ளைக் கடிதத்தை முழு வண்ணத்தில், அதிகத் துல்லியத்தில் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. இப்படிச் சின்னச் சின்ன விதிகள் எழுத்தில் இருந்தால் ஆண்டுதோறும் கெடு வைத்து மிரட்டும் சுற்றறிக்கை தேவைப்படாது.

ஐந்தாவது, அட்மினாக இருப்பவரின் நேரம். பல கல்லூரிகளில் கணினி அறிவியல் துறையின் உதவிப் பேராசிரியர் ஒருவரே வகுப்பு, தேர்வுப் பணி எல்லாவற்றோடும் இந்தப் பொறுப்பையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறார். ஆயிரக்கணக்கான கணக்குகளின் ஆயுள் அவர் கையில் இருக்கிறது என்றால், அவருக்குப் பணிச்சுமையில் கழிவு கொடுப்பதுதான் முறை.

வேறு நிறுவனத்துக்கு மாறினால் தீருமா?

"எதுக்கு வெளிநாட்டு கம்பெனி, நம்ம ஊர் கம்பெனிக்கே மாறிடலாமே?" என்ற பேச்சும் இப்போது அதிகம். மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் தன் அதிகாரிகளை ஜோஹோவின் அலுவலக மென்பொருள் தொகுப்பைப் பயன்படுத்தச் சொன்னது. மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. தரவு நம் நாட்டில் இருப்பது, ஒரே நிறுவனத்தைச் சார்ந்திராமல் இருப்பது ஆகியவற்றுக்காக இதைப் பரிசீலிக்கலாம். ஆனால் இடப் பிரச்சினைக்கு இது மருந்தல்ல. எந்த நிறுவனமும் என்றென்றைக்கும் எல்லையற்ற இடத்தைச் சும்மா கொடுக்கப்போவதில்லை. பிரிக்காத குப்பையோடு வீடு மாறினால், புது வீட்டிலும் அதே குப்பைதான்.

சொந்த சர்வர் வைப்பது? வைக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் அது கிளவுடைவிட ஆபத்து. தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களுக்கு ஆளுக்கு 30 ஜிபி என்று கொடுத்து, வேலை சார்ந்த ஃபைல்களை வைக்கச் சொல்லியிருந்த 'ஜி-டிரைவ்' எரிந்துபோனது. 858 டிபி தரவு. வேறெங்கும் பேக்கப் இல்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் ஒரு நாட்டின் அரசுக்கே இந்த நிலை என்றால், ஒரு கல்லூரி எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை.

கணினித் துறையினர் சொல்லும் எளிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். எல்லா ஃபைலுக்கும் இது முடியாது. பிரித்துவைத்த முக்கிய ஆவணங்களுக்கு மட்டும் என்றால் முடியும். மதிப்பெண் பதிவேடும் கூட்டக் குறிப்பும் சில நூறு ஜிபிக்குள் அடங்கிவிடும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சேகரித்த நோக்கம் முடிந்த பிறகு தனிநபர் தரவைக் காரணமின்றி வைத்திருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. ஐந்தாண்டுக்கு முன்பு ஒரு போட்டிக்காக வாங்கிய மாணவர்களின் ஆதார் நகல்கள் யாரோ ஒருவரின் டிரைவில், 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்ற நிலையில் கிடப்பது இட விரயம் மட்டுமல்ல, மாணவர்களுக்கு ஆபத்து, நாளை கல்லூரிக்குச் சட்டச் சிக்கல்.

அதே சமயம் அரசுக் கல்லூரிகளும் அரசு உதவிபெறும் கல்லூரிகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருபவை. கேட்டால் கொடுக்க வேண்டிய ஆவணத்தை "டிரைவ் ஃபுல் ஆயிடுச்சு, அழிச்சிட்டோம்" என்று சொல்லிவிட முடியாது. ஆக, சில ஃபைல்களை அழித்தே ஆக வேண்டும், சிலவற்றை அழிக்கவே கூடாது. இரண்டையும் பிரிக்காமல் ஜிபி எண்ணை மட்டும் சொல்லும் சுற்றறிக்கை பாதி வேலையைத்தான் செய்கிறது.

அடுத்த முறை உங்கள் குழுவில் அப்படி ஒரு சுற்றறிக்கை வந்தால், டெலீட் பட்டனைத் தேடுவதற்கு முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். கல்லூரி ஆவணங்களை எந்த ஷேர்டு டிரைவுக்கு நகர்த்த வேண்டும்? எங்கள் சொந்தப் பாடக் குறிப்புகளை எடுத்துக்கொள்ள எவ்வளவு அவகாசம்? வேலையை விட்டால் கணக்கு எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு 20 ஜிபிக்குள் குறைப்பது ஒரு பிற்பகல் வேலைதான்.